மகராணியின் முன்பற்கள்

பல்செட்காரருடைய இடது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடிட்டிருக்கும் இடத்தில், இரண்டு வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. ஒன்று நேராக, இன்னொன்று லேசாகச் சாய்ந்து. யாராவது கேட்டால் பாம்பு கடித்தது என்பார். "கட்டிக்கிட்ட பாம்பு" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும். கேட்டவர்கள் சிரிப்பார்கள். முப்பத்து மூன்று வருடமாக இது நடக்கிறது. அவர்கள் இருவருக்கும் இன்னும் அலுக்கவில்லை. அலுத்துப்போனது மச்சினனுக்கு மட்டும்தான்.

கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு படத்துக்குப் போய்வரட்டும் என்று பெரியவர்கள் தாராள மனதோடு அனுப்பினார்கள். அந்தத் தாராளத்தில் பெண்ணின் தம்பியும் சேர்த்தி. துணைக்கு என்ற பேரில் காவலுக்கு வந்த தம்பி, விளக்கு அணைந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போனான். திரையில் ஒரு பழைய ஹாலிவுட் படம், கறுப்பு வெள்ளை. பெரிய வீடு, வளைந்து ஏறும் மாடிப்படி, கையில் விளக்கோடு ஒரு பெண். பக்கத்து இருக்கைப் பெண் ஏற்கெனவே ஒரு முறை வீறிட்டுக் கத்தி, டார்ச் லைட்காரர் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். படியின் உச்சியில் கதவுப்பிடி தானாகத் திரும்பியபோது அவள் மறுபடி வாயைத் திறப்பதைப் பார்த்த மாப்பிள்ளை, சட்டென்று உள்ளங்கையால் பொத்தினார். அவள் கத்தவில்லை. கடித்தாள். அவரும் கத்தவில்லை. தன் பல்லைத் தானே கடித்துக்கொண்டு, படம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது கைக்குட்டை முழுக்க ரத்தம். "எப்படி இருந்துச்சு படம்?" என்று தூங்கி எழுந்த தம்பி கேட்க, "ரொம்ப ஆழமான படம்" என்றார் மாப்பிள்ளை. அவள் சிரித்தாள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு சந்து. இடப்பக்கத்துப் பல் கொஞ்சம் திரும்பி நிற்கும். தொழில்காரர் என்பதால் அதைத்தான் முதலில் கவனித்தார். கவனித்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தாரே தவிரப் பல்லைப் பார்க்கவில்லை. பின்னால் இதற்காக அவர் நொந்துகொள்ள வேண்டிவரும்.

மனைவிக்கு நகர நூலகத்தில் வேலை. ஆனால் அவளை நூலகக்காரி என்று யாரும் சொல்வதில்லை. கதைக்காரி என்றால்தான் தெரியும். ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்தின் மாடிக் கூடத்தில் பழைய ஹாலிவுட் படம் போடுவார்கள். படங்களுக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேகத்து ஆங்கிலம் பிடிபடாது. அதனால் ஒரு நாள், சும்மா உதவிக்கு என்று, திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, வசனத்தையெல்லாம் அந்தந்த இடத்திலேயே தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அது பதினோரு வருடமாகிவிட்டது. இயந்திரத்தை ஓட்டுவது மச்சினன்; படத்தின் ஒலியைத் தணித்துவைப்பதும் அவன்தான். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், டாக்ஸி ஓட்டுநர், பெட்டி தூக்குகிறவர், நாய் எல்லாம் அவள் ஒருத்தியே.

நடிகர்களின் பெயர் கூட்டத்துக்கு நாவில் நிற்கவில்லை. அதற்கும் அவளே வழி செய்தாள். மழைக்கோட்டும் தொப்பியுமாக, உலகத்துச் சலிப்பையெல்லாம் ஒரு தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் தொப்பிக்காரர். ஆறரை அடி உயரமும் கூச்சமும், பேச ஆரம்பித்தால் வார்த்தை கிடைக்காமல் தவிப்பும் உள்ளவர் நெட்டை மாப்பிள்ளை. ஒற்றைப் புருவத்தைத் தூக்கினால் எதிரே நிற்கிற ஆண்பிள்ளை பொடிப்பொடியாகிவிடுவான், அவள் புருவக்காரி. படியிலிருந்து இறங்கி வரும்போதே கூடம் முழுக்க வெளிச்சம் கூடின மாதிரி இருக்கும் சிரிப்புக்குச் சொந்தக்காரி மகராணி. நூலக வாசலில் ஆட்கள், "இந்த வாரம் நெட்டை மாப்பிள்ளை வர்றாரா?" என்று சொந்தக்காரரை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள்.

பல்செட்காரர் கடைசி வரிசையில் உட்காருவார். அவருக்கு அந்தப் பழைய நட்சத்திரங்களிடம் இருந்தது ரசனை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும், அது மரியாதை. நகத்தளவு பல்லில் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே நிற்கும் என்று நாள் முழுக்கப் பார்க்கிற மனிதருக்கு, ஒரு முகத்தின் கன்னத்து எலும்பில் மட்டும் வெளிச்சத்தை நிறுத்தி, கண்ணில் ஒரு பொட்டு வைத்து, மிச்சத்தை இருட்டுக்குக் கொடுத்துவிட்ட அந்த வேலைக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அதைவிட, அந்த நட்சத்திரங்கள் கேட்கிற விதம். தொப்பிக்காரர் எதிராளி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாருங்கள்: ஒரு தசை அசையாது, ஆனால் அந்த ஆள் நம்பினாரா, நம்பாமல் போனாரா, எந்த வார்த்தையில் மனம் விட்டுப்போனது, எல்லாம் தெரியும். இன்றைக்கு நடிக்க வருகிறவர்கள் தங்கள் முறை வருகிறவரை காத்திருக்கிறார்களே ஒழிய எங்கே கேட்கிறார்கள் என்பார் அவர். மச்சினன் அப்போதெல்லாம் கைப்பேசியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

கடைசி வரிசையில் அவருக்குப் பக்கத்து இருக்கை ஆபரேட்டருடையது. மருத்துவமனையில் முப்பது வருடம் தொலைபேசி இணைப்புப் பலகையில் இருந்து ஓய்வுபெற்றவர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. படம் பார்க்க ஏன் வருகிறார் என்று முதல் வாரம் ஒருவர் கேட்டுவிட்டு, பிறகு கேட்டதற்காக வெட்கப்பட்டார். அந்த நட்சத்திரங்கள் அத்தனை பேரையும் ஆபரேட்டருக்குக் கதைக்காரியின் குரலில்தான் தெரியும். "தொப்பிக்காரர் இன்னைக்கு ஷேவ் பண்ணலை போல இருக்கே" என்பார். திரையைப் பார்த்தால் உண்மையிலேயே பண்ணியிருக்க மாட்டார்.

இப்படி இருக்கையில்தான் அந்த விழுதல். மாடிப்படியில் இறங்கும்போது கையில் படப் பெட்டி, கால் இடறிற்று. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதனால் கீழே ஊன்றக் கை இல்லை. பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. கடைசிப் படியின் விளிம்பில் அவளுடைய இரண்டு முன்பற்கள் போயின. அன்று நல்ல மழை. உடைந்த துண்டுகள் வாசல் சாக்கடையோடு போய்விட்டன. வேரில் நின்ற மிச்சத்தைப் பல் டாக்டர் எடுத்துப்போட்டார். புதுப் பல் வருகிறவரை ஞாயிறு படமும் நின்றது.

அன்றிலிருந்து அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். பேசும்போதும். வீட்டில், கணவனுக்கு எதிரிலேயும்.

ஈறு ஆறியதும் பல்செட்காரர் கேட்டார், "உனக்கு எப்படி வேணும், சொல்லு."

ஊரில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. ஆனால் இவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை.

அவள் கையை எடுக்காமலே யோசித்தாள். "தப்பா நினைக்கக் கூடாது."

"இல்ல."

"மகராணி பல்லு."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளுக்குள் அவரே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், கேட்கத் தைரியம் வரவில்லை. மகராணி படங்களைப் போட்டு, சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரம் வேலை. வந்த மற்ற வாடிக்கையாளர்களெல்லாம் ஈறைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு மயிரிழைச் சந்து இல்லாமல், இரண்டும் ஒரே உயரத்தில், விளிம்பில் பால் கலந்த கண்ணாடி மாதிரி ஒரு தெளிவோடு, அப்படி ஒரு ஜோடியை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அவள் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒற்றைப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, மகராணி படியிறங்குகிற நடையில் சமையலறைக்குப் போனாள். அவர் கைதட்டினார். அந்த வாரம் வீடே கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புருவக்காரியும் மகராணியும் சேர்ந்து நடித்த படம். கதைக்காரியைப் பார்த்ததும் கூட்டத்துக்கே வாய் பிளந்துவிட்டது, அத்தனை அழகு. படம் தொடங்கிற்று. அவள் பேசினாள். தவறில்லாமல்தான் பேசினாள். ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் கூட்டம் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது, அழ வேண்டிய இடத்தில் இருமியது. பழகாத பல், சரியாகிவிடும் என்று பல்செட்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அப்படியேதான் போயிற்று. அன்றைக்குப் படம் முடிந்ததும் ஆபரேட்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரமே கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு பொம்பளைங்க சண்டை போட்டாங்களே, அதுல புருவக்காரி யாரு, மகராணி யாருன்னே எனக்குப் புரியல. இன்னைக்குத் தொப்பிக்காரரும் அதே மாதிரிதான் பேசறாரு. எல்லாரும் ஒரே ஆளா இருக்காங்க. அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?"

அண்ணி அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆபரேட்டரின் கோலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். "இந்த வாரத்தோட நான் நிறுத்திக்கறேங்க."

"எதை?"

"கதை சொல்றதை. சனிக்கிழமை தலைமை நூலகரைப் பார்த்துச் சொல்லிடறேன். வேற ஆளு பார்த்துக்கட்டும். இல்லேன்னா நிறுத்திடட்டும்."

"அவரு ஏதோ சொன்னாருன்னு..."

"அவரு சரியாத்தான் சொன்னாரு. அந்தச் சந்துல காத்து போகும். புருவக்காரி அலட்சியமா 'ச்சீ'ன்னு சொல்றது, தொப்பிக்காரர் பெருமூச்சு, எல்லாம் அந்த வழியாத்தான் வந்துச்சு. எனக்கே இப்பதான் தெரியுது. இப்ப வாயில கதவு சாத்தின மாதிரி இருக்கு." கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "அடுத்த வாரம் என்ன படம்னு தெரியுமில்ல?"

தெரியும். மாடிப்படிப் படம். கை கடிபட்ட படம். பதினோரு வருடமாக அவள் தேடி, போன மாதம்தான் ஒரு நல்ல பிரதி நூலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அதைத்தான் அவள் சொல்லப்போவதில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். "உன் பழைய பல்லையே செஞ்சு தர்றேன்."

சொல்லிவிட்டார். செய்வது எப்படி? ஊரார் பல்லையெல்லாம் அச்செடுத்து அலமாரியில் பெயர் எழுதி அடுக்கிவைத்திருக்கிற மனிதர், சொந்த மனைவியின் பல்லை அச்செடுத்ததில்லை. அவளுக்கு ஒரு பல்வலி வந்திருந்தால்தானே. சரி, புகைப்படம் இருக்குமே என்று திங்கட்கிழமை ஆல்பங்களை இறக்கினார். முப்பத்து மூன்று வருடப் படங்கள். ஒன்றில்கூட அவள் பல் தெரியவில்லை. எல்லாவற்றிலும் முகத்தை முக்கால்வாசி இடப்பக்கம் திருப்பி, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, உதட்டை மூடி, தூரத்தில் யாரோ கப்பலேறிப் போவதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. கல்யாணப் படத்தில் அப்படி. பேரன் பிறந்த நாளில் அப்படி. அடையாள அட்டையிலேயே அப்படி. அந்தக் காலத்து நட்சத்திரங்கள் படம் எடுத்துக்கொள்கிற தோரணை அது. கோபத்தில் தன் பக்கம் பார்த்தார்: அவரும் அதே ஆல்பத்தில் கண்ணை லேசாகச் சுருக்கி, ஒரு தோளைத் தாழ்த்தி, தொப்பியில்லாத தொப்பிக்காரராக நின்றுகொண்டிருந்தார். இரண்டு பைத்தியங்கள், சேர்த்து ஒரு ஆல்பம்.

மச்சினன் கைப்பேசியில் எதையோ தேடிவிட்டு, "அக்கா எப்பவும் இப்படித்தான் மாமா. நான் அப்பவே சொன்னேன், பல்லைக் காட்டுன்னு" என்றான். பிரயோஜனமில்லாத ஆறுதலில் அவனுக்கு நிகர் அவன்தான்.

செவ்வாய்க்கிழமை நினைவிலிருந்தே மெழுகில் ஒன்று செய்தார். அவள் போட்டுக்கொண்டு "ச்சீ" என்று சொல்லிப் பார்த்தாள். கொதிக்கிற கெட்டில் மாதிரி விசில் வந்தது. சந்தைக் குறைத்தார், கதவு சாத்திக்கொண்டது. பல்லைத் திருப்பினார், அவளுக்கு நாக்கு இடித்தது. புதன்கிழமை மதியத்துக்குள் ஏழு ஜோடி. நூல் பருமன் கூடினாலும் குறைந்தாலும் அவளாக இல்லை. இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சிரித்த வாயை ஒரு நூல் பருமனுக்குக்கூட நினைவில் வைத்திருக்கவில்லை என்று அவருக்கு வந்த அவமானம் சொல்லி முடியாது. யாரோ அயல்நாட்டு நடிகையின் பல்லை மனப்பாடமாக வரையத் தெரிகிறது.

அந்த எரிச்சலில்தான் வியாழக்கிழமை மகராணியின் படம் ஒன்றைப் போட்டார். அவள் பிரபலமாவதற்கு முன்னால் நடித்தது, கூட்டத்தில் ஒருத்தியாகத் தட்டு ஏந்திப் போவாள், இரண்டு வசனம். சிரிக்கிற இடத்தில் நிறுத்தினார். பூதக்கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"இங்க வாயேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

திரையில் மகராணிக்கு முன்பல் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருந்தது.

"இது அவதானா?" என்றாள் மனைவி.

"அவதான். அப்புறம்தான் மேல உறை போட்டிருக்காங்க. நான் மூணு வாரம் உட்கார்ந்து காப்பியடிச்சது மகராணி பல்லே இல்ல. அங்க என்னை மாதிரி பட்டறையில உட்கார்ந்திருந்த எவனோ ஒருத்தனோட வேலை." அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "என்ன வேலை பண்ணியிருக்கான். இத்தனை வருஷமா உலகமே பார்க்குது, ஒருத்தருக்கும் தெரியல. பேரு கூட எங்கயும் போட்டிருக்க மாட்டாங்க." எழுந்து நின்று, திரையைப் பார்த்து, உண்மையாகவே ஒரு வணக்கம் வைத்தார்.

மனைவி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா பாருங்க, இந்தப் பல்லோடயும் அவ மகராணிதான். தட்டு எடுத்துட்டுப் போறா, கூட்டத்துல வேற யாரையும் பார்க்கத் தோணுதா?"

தோன்றவில்லை. கோணல் பல்லோடு, கடைசி வரிசையில், அரை நிமிடம் வருகிறவள். பார்வை அவளை விட்டு நகர மறுத்தது. அந்தப் பிரகாசம் பல்லில் இருக்கவே இல்லை. அவர் திரையை நோக்கி இடது கையை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நீட்டிய கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு வெள்ளைத் தழும்புகள். ஒன்று நேராக, இன்னொன்று சாய்ந்து. நடுவில் இடைவெளி.

"அட முட்டாளே" என்றார். தன்னைத்தான்.

முப்பத்து மூன்று வருடமாக அவள் பல்லின் அச்சு அவர் கையிலேயே இருந்திருக்கிறது. சந்தை அளக்கும் இரட்டைமுனைக் கவையை எடுத்து அளந்தார். அளவு நிற்கவில்லை. விரலை விரித்தால் சந்து அகன்றது, மடக்கினால் சுருங்கியது. கடிபட்ட நேரத்தில் கை எந்த வளைவில் இருந்ததோ அந்த வளைவில் அளந்தால்தான் கணக்கு. தேநீர்க் கோப்பையைப் பொத்திப் பார்த்தார். தன் வாயைத் தானே பொத்திப் பார்த்தார். அது வேறு முகம், வேறு தாடை. கடைசியில் வெள்ளிக்கிழமை காலை, மனைவியைப் பட்டறைக்குக் கூட்டிவந்து, தன் இடப்பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எதுக்கு?"

"படத்துக்கு வந்திருக்கோம். நேரா பார்."

ரப்பர்க் கிண்ணத்தில் அச்சு மாவைக் குழைத்தார். இளஞ்சிவப்புக் களியை உள்ளங்கை மேட்டில், தழும்புகள் மூழ்க அப்பி, மேலே ஒரு மெல்லிய தாளை வைத்து, கையை அவள் தோளைச் சுற்றிக் கொண்டுபோய், அன்றைக்குப் பொத்தின மாதிரியே அவள் வாயைப் பொத்தினார். கைக்கு வழி தெரிந்திருந்தது. விரல்கள் அவள் கன்னத்தில் தாமாகவே போய் உட்கார்ந்தன.

"மூணு நிமிஷம் ஆகும். ஆடாதே. ஆடினா அச்சு கெட்டுடும்."

அவள் கண்ணால் சரி என்றாள். சுவரில் கடிகாரம் ஓடியது. கதைக்காரியின் வாய் அடைபட்டிருந்தது. சும்மா உட்கார முடியாமல், அப்படிப் பேசிப் பழக்கமே இல்லாத அந்த மனிதர் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"பெரிய வீடு. மழை பெய்யுது. புருவக்காரி கையில விளக்கை எடுத்துட்டு படியில ஏறுறா. ஒரு படி. ரெண்டு படி." குரலை மெல்லியதாக்க முயன்றார், அது தொண்டை கட்டின சேவல் மாதிரி வந்தது. "'யாரு அங்க? யாரு?' அப்படிங்கறா. யாரும் இல்ல. மேல கதவு. கதவுல பித்தளைப் பிடி. இப்ப நம்ம பக்கத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு. பார்த்தா சாதுவா இருக்கு. வீட்டுல அமைதியான பொண்ணுன்னுதான் சொல்லியிருக்காங்க."

உள்ளங்கைக்கு அடியில் அவள் உதடு விரிவது தெரிந்தது.

"ஆடாதேன்னு சொன்னேன். பிடி திரும்புது. இந்தப் பொண்ணு வாயைத் திறக்குது. மாப்பிள்ளை நினைக்கறாரு, ஐயோ டார்ச் லைட்காரர் வெளியில அனுப்பிடுவாரே, படம் முடியறவரைக்கும் இவ பக்கத்துல உட்கார்ந்திருக்கணுமேன்னு. அதனாலதான் பொத்தினாரு. அவ கத்தறாளேன்னு இல்ல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அச்சு கெட்டுவிடும். கண்ணில் நீர் கோத்து, அவர் சுட்டுவிரல் மேல் இறங்கிற்று. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் பல் தயாரானது. சந்து அவர் நினைத்திருந்ததைவிடக் குறுகல். திரும்பின பல் அவர் நினைத்திருந்ததைவிட அதிகமாகத் திரும்பியிருந்தது. அவள் போட்டுக்கொண்டாள். கண்ணாடியை நீட்டினார், வேண்டாம் என்று தள்ளினாள். "கையைக் கொடுங்க" என்றாள். கட்டைவிரல் மேட்டை வாயருகே கொண்டுபோய், மெதுவாக, இரண்டு தழும்புகளின் மேல் இரண்டு பல்லையும் வைத்தாள். உட்கார்ந்தது.

"ச்சீ" என்றாள் பிறகு. புருவக்காரி வந்துவிட்டாள். பல்செட்காரர் பொடிப்பொடியானார்.

மறுநாள் கூடம் நிரம்பவில்லை. இரண்டு ஞாயிறு ஏமாந்தவர்களில் சிலர் வரவில்லை. ஆபரேட்டர் வந்திருந்தார். மச்சினன் விளக்கை அணைத்தான். மழைச் சத்தம், பெரிய வீடு. கதைக்காரி மைக்கை எடுத்து முதல் வசனத்தைச் சொன்னாள். ஆபரேட்டர் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார். கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார், நீண்ட நேரம் இருக்கப்போகிறவர் மாதிரி.

புருவக்காரி அப்படியொரு புருவக்காரியாக என்றைக்கும் இருந்ததில்லை. அவள் பயம், பயத்தை ஒளிக்கிற கர்வம், கர்வத்துக்கு அடியில் யாராவது வரமாட்டார்களா என்ற ஏக்கம் எல்லாம் தமிழில் வந்துகொண்டிருந்தன. விளக்கோடு படியேறினாள். யாரு அங்க என்றாள். படியின் உச்சியில் பித்தளைப் பிடி திரும்பியது.

கதைக்காரியின் குரல் நின்றுவிட்டது.

ஆபரேட்டர் இருட்டில் துழாவி, பல்செட்காரரின் இடது கையைப் பிடித்து அழுத்தினார்.

"அண்ணே, ஏன் நின்னுடுச்சு? என்ன நடக்குது அங்க?"

"கையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா."

"யாரு, புருவக்காரியா?"

"இல்ல. என் பொண்டாட்டி."

"பயந்துட்டாங்களா?"

பல்செட்காரர் கடைசி வரிசையிலிருந்து பார்த்தார். திரையின் வெளிச்சம் அவள் மேல் பட்டுக்கொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கம், இருட்டில் அவர் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்ல. சிரிக்கறா."